குடல் உட்படலத்தின் குருத்தணுக்களை எதில் ஆராய்வது: சுண்டெலியா, ஆர்கனாய்டா, பழ ஈயா?

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்து, தலைப்பும் ஏறத்தாழ முடிவாகிவிட்ட பிறகு, "எந்த உயிரியில் செய்வது?" என்ற ஒரே கேள்வியில் மாதக்கணக்கில் நின்றுவிடும் மாணவர்களைத் தரமணியிலும் கிண்டியிலும் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். ஸ்டெம் செல் என்று பரவலாக அறியப்படும் குருத்தணுக்கள் குடலின் உட்படலத்தை எவ்வாறு பேணுகின்றன என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டவர்களிடம் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாக இருக்கிறது; ஏனெனில் இத்துறையில் சுண்டெலி, ஆர்கனாய்டு எனப்படும் குப்பியில் வளர்க்கும் சிறு குடலுருண்டை, பழ ஈ ஆகிய மூன்றுமே அடிப்படையான கண்டுபிடிப்புகளைத் தந்தவை, மூன்றுக்கும் ஆதரவாக வாதாட ஆள் இருக்கிறது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் கேள்விக்கு, எத்தனை ஆண்டுகளில், எந்த ஊரில் என்று சேர்த்துக் கேட்டால் விடை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

ஆராயப்படும் பொருளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்பரப்பில் விரல்களைப் போலக் குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் கிரிப்ட் எனப்படும் நுண்குழிகள் உள்ளன. குழியின் அடியில் இருக்கும் குருத்தணுக்கள் பிரிந்து உருவாக்கும் செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, உறிஞ்சியின் நுனியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. சுண்டெலியில் இப்பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடும். நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருட்களைச் சுரக்கும் பானெத் செல்கள் மட்டும் எதிர்த்திசையில் கீழிறங்கிக் குருத்தணுக்களுக்கு இடையே வாரக்கணக்கில் தங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடலை உட்புறம் வெளியே திருப்பிக் கழுவியவர்கள் விரலால் தேய்த்து வழித்தெடுப்பது, சில நாட்களே வயதான இந்தப் படலத்தைத்தான்.

எடைபோட வேண்டிய அளவுகோல்கள்

முதலாவது அளவுகோலே மற்ற அனைத்தையும்விடக் கனமானது: உங்கள் கேள்வி ஒரு செல் என்ன செய்ய வல்லது என்பதைப் பற்றியதா, அல்லது உடலுக்குள் அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியதா? இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறியதால் இத்துறை நீண்ட காலம் குழம்பியது. 1974ஆம் ஆண்டிலேயே செங், லெப்லாண்ட் இருவரும் குழியின் அடியில் பானெத் செல்களுக்கு இடையே செருகிக் கிடக்கும் மெல்லிய செல்களே குருத்தணுக்கள் என்றனர். கிறிஸ் பாட்டன், அடியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ நான்காவது இடத்தில் இருக்கும் செல்களே என்று வாதிட்டார். 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழுவினர் எல்ஜிஆர்5 என்னும் மரபணு வெளிப்படும் அடிச்செல்களுக்கு நிறமிட்டு, அவற்றின் வாரிசுகள் குழி முழுவதையும் உறிஞ்சியையும் நிறைப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிஎம்ஐ1 மரபணுவைக் கொண்டு நான்காம் இடச் செல்களுக்கும் அதே திறன் காட்டப்பட்டது. 2011இல் எல்ஜிஆர்5 செல்களை முற்றிலும் அழித்தபோதும் குடல் தாக்குப்பிடித்தது. காயம் நேரும்போது, பாதி வழியில் வேறு தொழிலுக்குப் புறப்பட்டுவிட்ட வாரிசுச் செல்களும் திரும்பி வந்து குருத்தணுவாகலாம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இரு தரப்பின் சோதனைகளும் பொய்யல்ல. ஒரு தரப்பு அன்றாடம் நடப்பதை அளந்தபோது, மற்றது நெருக்கடியில் நடக்கக்கூடியதையும் சேர்த்து அளந்தது.

இரண்டாவது அளவுகோல் காலம்: முதல் நம்பகமான தரவு எப்போது கைக்கு வரும், உதவித்தொகை எப்போது தீரும் என்ற இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றாவது செலவு. கருவியின் விலையை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் வடிந்துகொண்டே இருக்கும் தொகையைக் கணக்கிடுபவர்கள் குறைவு. நான்காவது ஒப்புதல்கள். ஐந்தாவதாகச் சென்னையையே ஓர் அளவுகோலாகச் சேர்க்கிறேன். மே மாத வெப்பத்தையும், மின்தடையையும், டிசம்பர் வெள்ளத்தையும் தாங்காத சோதனைத் திட்டம் இங்கே திட்டமாகாது.

சுண்டெலி: உடலுக்குள்ளேயே பார்ப்பது

எது உண்மையில் நடக்கிறது என்ற கேள்விக்குச் சுண்டெலிக்கு மாற்று இல்லை. எல்ஜிஆர்5 செல்களில் மட்டும் டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரீ நொதி உருவாகும்படி மாற்றப்பட்ட எலியை, நிறமறிவிப்பி மரபணு கொண்ட எலியோடு இணைத்து, பிறக்கும் குட்டி வளர்ந்த பிறகு, அந்த நொதியை இயக்கும் டாமோக்சிபென் ஊசி போட்டால், அன்று குருத்தணுவாக இருந்த செல்லும் அதன் அத்தனை வாரிசுகளும் நிறம் பெறுகின்றன. 2010இல் பலநிற அறிவிப்பியைக் கொண்டு இதையே செய்தபோது, ஒரு குழியில் இருக்கும் பதினான்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான குருத்தணுக்கள் ஒன்றையொன்று தற்செயலாக இடம்பெயர்த்து, சில மாதங்களில் குழி முழுவதும் ஒரே செல்லின் வம்சமாகிவிடுவது தெரியவந்தது. எந்தக் குருத்தணுவும் நிலையான பதவியில் இல்லை என்ற இந்த முடிவைக் குப்பியில் வளர்த்த செல்களிடமிருந்து பெற்றிருக்க முடியாது.

மறைசெலவுகள் எலிக்கூண்டில் தொடங்குகின்றன. மேற்சொன்ன எல்ஜிஆர்5 எலியில் அந்த மரபணுவின் இடத்திலேயே புதிய வரிசை செருகப்பட்டிருப்பதால், இரு படிகளிலும் செருகல் பெற்ற குட்டிகள் பிறந்தவுடன் இறந்துவிடும். ஆகவே எப்போதும் ஒற்றைப் படியோடுதான் வம்சத்தைப் பேண வேண்டும், ஒவ்வொரு குட்டிக்கும் மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். நிறமிடுவதோடு ஒரு மரபணுவை நீக்கவும் விரும்பினால், மூன்று மாற்றங்களும் பொருந்திய குட்டி எட்டில் ஒன்றாகக் குறையும். கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரங்கள், பருவமடைய ஆறு முதல் எட்டு வாரங்கள் என்று கூட்டினால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிகின்றன. போதாக்குறைக்கு, இந்த எலியில் செருகல் பல குழிகளில் செயலற்றுப்போவதால், குடல் முழுவதும் ஒரே சீராக நிறம் பெறாது, சில குழிகள் தொடப்படாமலே இருக்கும். நீக்க நினைத்த மரபணு செல்லின் உயிர்வாழ்வுக்கே தேவையானது என்றால், தொடப்படாத குழிகள் பெருகி முடிவை மூடிமறைத்துவிடவும் கூடும்.

எலிகளை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் போன்ற வைப்பகங்களிலிருந்து தருவிப்பதற்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், உயிரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல், இறக்குமதி அனுமதி, வந்த பின் தனிமைக் காப்பு என்று ஒவ்வொரு படியிலும் காத்திருக்க வேண்டும். என் அனுபவத்தில், கையில் எதுவும் இல்லாத நிலையில் தொடங்கும் மாணவருக்கு முதல் பயனுள்ள படம் கிடைக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். இரவும் பகலும் குளிரூட்டப்பட்ட விலங்ககத்தின் கூண்டு வாடகை அந்தக் காலம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும், சோதனை நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

மரபணு மாற்றாத சாதாரண எலியை வைத்தே செய்யக்கூடியவை இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரியும் செல்களின் டிஎன்ஏவில் சேரும் இடியூ போன்ற குறியிகளைச் செலுத்தி, மணிக்கணக்கில் அவை மேலே நகர்வதை அளக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு மீண்டெழும் குழிகளை எண்ணும் முறை 1970லிருந்தே இருக்கிறது. இவை எந்தச் செல் மூதாதை என்று சொல்லாது, ஆனால் புதுப்பித்தலின் வேகத்தைச் சொல்லும். ஒரு மருந்தோ உணவுப்பொருளோ குடலைக் காக்கிறதா என்பது மட்டுமே கேள்வியானால் இதுவே போதும்.

ஆர்கனாய்டு: குப்பிக்குள் வளரும் குடல்

2009இல் தோஷிரோ சாதோவும் கிளெவர்ஸ் குழுவினரும் ஒற்றை எல்ஜிஆர்5 செல்லிலிருந்து, குழிகளும் உறிஞ்சிப் பகுதியும் கொண்ட சிறு குடலுருண்டைகளை வளர்த்துக் காட்டினார்கள். தேவைப்பட்டவை மாட்ரிஜெல் என்னும் கூழ்மத் தாங்கியும், இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் என்ற மூன்று வளர்ச்சிக் காரணிகளும்தான். தனிச்செல்களில் சிறு பங்கே வளர்ந்தது. பானெத் செல் ஒன்றோடு ஒட்டியிருந்த குருத்தணுக்கள் மிக நன்றாக வளர்ந்தன என்று 2011இல் தெரிந்தது. அதே ஆண்டில் மனிதக் குடலிலிருந்தும் இவ்வாறு வளர்க்க முடிந்தது, ஆனால் டபிள்யுஎன்டி3ஏ என்னும் சைகைப் புரதம், நிகோடினமைடு, இரண்டு தடுப்பான்கள் என்று ஊடகத்தின் பட்டியல் நீண்டது.

இதன் கவர்ச்சி வேகத்தில் இருக்கிறது. ஓர் எலியின் சிறுகுடலிலிருந்து பிரித்தெடுக்கும் குழிகள் வளர்ப்புத் தட்டுகளின் நூற்றுக்கணக்கான கிண்ணக்குழிகளை நிரப்பும். ஒரு வாரத்திற்குள் மொட்டுவிட்ட உருண்டைகளைக் காணலாம். திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஆண்டுகள் கழித்தும் எழுப்பலாம். எண்டோஸ்கோப்பியில் எடுத்த மனிதத் திசுவையே ஆராயலாம் என்பது வேறு எந்த வழியிலும் கிடைக்காத வாய்ப்பு. மருத்துவக் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் நிறைந்த சென்னையில் அது வெறும் ஏட்டளவு வாய்ப்பும் அல்ல. நோயாளியின் ஒப்புதல் படிவத்தை அவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதி, நிறுவன நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் பெற்று, திசுவைப் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் ஆய்வகத்திற்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் மாலை நெரிசலையும் நெறிமுறையில் ஒரு படியாக எழுதிக்கொள்வது நல்லது.

இனி இதன் குறையைச் சொல்கிறேன். என் கருத்தில் இந்த மூன்று வழிகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் குறை இதுதான். உடலில் எத்தனை குருத்தணுக்கள் இருக்க வேண்டும், எப்போது பிரிய வேண்டும் என்பதை அண்டைச் செல்கள் தீர்மானிக்கின்றன. குப்பியில் அதைத் தீர்மானிப்பது நாம் ஊற்றும் ஊடகம். குருத்தணுக்களைப் பிரியத் தூண்டும் டபிள்யுஎன்டி சைகையைக் கூட்டினால் உருண்டைகள் மொட்டுவிடாமல் வழுவழுப்பான பந்துகளாகின்றன. மனித ஆர்கனாய்டுகளை முதிர்ச்சியடையச் செய்ய அதை நாமே குறைக்க வேண்டியிருக்கிறது. பேணுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதுதான் ஆய்வுக் கேள்வி என்றால், அந்தப் பேணுதலில் பாதியை நாமே கையால் செய்துவிட்டு விடை தேடுகிறோம். இதற்கு 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவான சான்று. பானெத் செல்கள் சுரக்கும் டபிள்யுஎன்டி3 புரதத்தின் மரபணுவை நீக்கியபோது ஆர்கனாய்டுகள் மடிந்தன. ஆனால் அதே மரபணுவை எலியின் குடல் உட்படலத்தில் நீக்கியபோது குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனெனில் உட்படலத்திற்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவும் அந்தச் சைகையைத் தருகிறது. ஆர்கனாய்டு முடிவு மட்டும் கையில் இருந்திருந்தால், பானெத் செல் இல்லாமல் குடல் இல்லை என்றே எழுதியிருப்போம்.

பணம் இங்கே ஒரே தவணையில் போவதில்லை. தூய வளர்ச்சிக் காரணிகளின் விலை ஒரு துறையின் ஆண்டு ஒதுக்கீட்டையே விழுங்கக்கூடியது. டபிள்யுஎன்டி3ஏ, ஆர்-ஸ்பாண்டின், நாகின் மூன்றையும் சேர்த்தே சுரக்கும் எல்-டபிள்யுஆர்என் செல்களை வளர்த்து, அவற்றின் ஊடகத்தை வடிகட்டிப் பயன்படுத்துவது செலவைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ஒவ்வொரு தொகுதியின் வீரியமும் மாறும் என்பதால், பழைய தொகுதியோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே புதியதைத் திறக்க வேண்டும். மாட்ரிஜெல் எலிப் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. அதுவும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும், பத்து டிகிரிக்கு மேல் போனால் இறுகத் தொடங்கும். ஒரு கோடையில் எங்களுக்கு வந்த பெட்டி விமான நிலையக் கிடங்கில் ஒரு வார இறுதி முழுவதும் தேங்கி, உலர்பனி முற்றிலும் ஆவியான பிறகு கையில் கிடைத்தது. திறந்து பார்த்தபோது குப்பிகளில் இருந்தது கெட்டியான ஜெல்லி. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வந்திறங்கும்படி எதையும் தருவிப்பதில்லை. ஊடகத்தை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்பதால், பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போக முடியாத ஒருவர் ஒவ்வொரு ஆர்கனாய்டு ஆய்வகத்திலும் இருப்பார்.

பயிற்சிக்கு ஒரு வழி: பெரம்பூர் இறைச்சிக்கூடத்தில் அனுமதி பெற்று, அறுத்த உடனே எடுத்த ஆட்டுக்குடலைப் பனிக்கட்டியில் கொண்டுவந்து, இடிடிஏ கரைசலில் குழிகளைக் கழற்றிப் பழகலாம். எத்தனை முறை தவறினாலும் நஷ்டமில்லை, கை பழகிய பிறகு எலியைத் தொட்டால் போதும்.

பழ ஈ: சிறிய குடல், பெரிய மரபியல்

2006இல் இரண்டு குழுக்கள், மிக்கெல்லியும் பெரிமனும் ஒரு பக்கம், ஓல்ஸ்டைனும் ஸ்ப்ராட்லிங்கும் மறுபக்கம், டிரோசோஃபிலா எனப்படும் பழ ஈயின் வளர்ந்த நிலையில் நடுக்குடலிலும் குருத்தணுக்கள் இருப்பதைத் தனித்தனியே காட்டினார்கள். அங்கே குழிகளும் இல்லை, உறிஞ்சிகளும் இல்லை, பானெத் செல்லும் இல்லை. அடிச்சவ்வின் மீது ஆயிரம் அளவிலான குருத்தணுக்கள் சிதறிக் கிடக்கின்றன, ஓரிரு வாரங்களில் படலம் புதுப்பிக்கப்படுகிறது. தலைமுறைக்குப் பத்து நாட்கள், சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் அகரும் கலந்த உணவு, ஆயிரக்கணக்கான மரபணு மாற்ற வகைகள் அமெரிக்காவின் புளூமிங்டன் வைப்பகத்திலும், பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் ஈ வசதியகத்திலும் கிடைக்கின்றன. நடைமுறையில் ஈக்களுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை; மரபணு மாற்ற வகைகளுக்கு உயிரியப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் போதும். முதுமையில் குருத்தணுக்கள் எவ்வாறு மாறுகின்றன என்று எலியில் பார்க்க இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஈயில் அவை கட்டுமீறிப் பெருகுவதை ஒன்றிரண்டு மாதங்களில் பார்த்துவிடலாம். நூறு மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்து எது பேணுதலைப் பாதிக்கிறது என்று தேட விரும்பினால், தனி மாணவர் ஒருவரால் பட்ட காலத்திற்குள் முடிக்கக்கூடிய ஒரே வழி இதுதான்.

செலவு குறைவு என்பதால் கவனமும் குறைவாகப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இத்துறையில் அதிகம் பயன்படும் மரபணு விசை வெப்பத்தால் இயங்குவது: 18 டிகிரியில் அணைந்திருக்கும், 29 டிகிரியில் இயங்கும். சென்னையின் மே மாதத்தில் அடைகாப்பி நின்றுபோய் அறை வெப்பத்தில் குப்பிகள் ஓரிரவு கிடந்தால், அணைந்திருக்க வேண்டிய கட்டுப்பாட்டு ஈக்களிலும் விசை இயங்கிவிடும். காலையில் மின்சாரம் வந்து, காட்டி மீண்டும் 18 என்று காட்டும்போது எதுவும் நடக்காததைப் போலவே தோன்றும். வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை ஒவ்வொரு அடைகாப்பிக்குள்ளும் போட்டுவைக்காத ஆய்வகத்தின் தரவை நான் நம்புவதில்லை. முப்பது டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆண் ஈக்கள் மலடாகி, இருப்பு வம்சமே அழியவும் கூடும். பெண் ஈயின் குடல் ஆணின் குடலைவிட விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது, கலவிக்குப் பின் பெரிதாகவும் செய்கிறது. பாலினத்தையும் கலவி நிலையையும் ஒரே சீராக வைக்காத எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

மனிதருக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. அண்டைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் நாட்ச் சைகைப்பாதை இரண்டு உயிரிகளிலும் முக்கியமானதுதான், ஆனால் ஈயில் அதைத் தடுத்தால் குருத்தணு போன்ற செல்கள் கட்டிபோல் குவிகின்றன, எலியில் தடுத்தால் குழியின் செல்கள் சளி சுரக்கும் செல்களாக மாறிவிடுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று ஆய்வேட்டில் எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | சுண்டெலி | ஆர்கனாய்டு | பழ ஈ |
|---|---|---|---|
| நேரடியாக விடை தருவது | உடலில் உண்மையில் நடப்பது | செல் செய்ய வல்லது, மனிதத் திசு | எந்த மரபணு தேவை, முதுமை |
| விடுபட்டுப் போவது | மனிதருக்கே உரிய வேறுபாடுகள் | இணைப்புத் திசு, நரம்பு, நோயெதிர்ப்பு, நுண்ணுயிரிகள் | குழி, பானெத் செல் |
| முதல் தரவு (என் கணிப்பு) | 18–24 மாதங்கள். வம்சம் கையில் இருந்தால் 6 | 4–6 மாதங்கள் | 3–4 மாதங்கள் |
| பணம் வடியும் இடம் | கூண்டு வாடகை, மரபணுச் சோதனை | ஊடகம், மாட்ரிஜெல் | அடைகாப்பி, நுண்ணோக்கி நேரம் |
| மின்தடையில் ஆபத்து | விலங்கக வெப்பநிலை | கார்பன் டைஆக்சைடு அடைகாப்பி, உறைபெட்டி | வெப்ப விசை தானே இயங்குவது |

யாருக்கு எது

நான்கு முதல் ஆறு மாதங்களே கையில் உள்ள முதுகலை மாணவர் ஈயைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்கனாய்டு ஆய்வகத்தில் சேரலாம். புதிதாக ஆர்கனாய்டு முறையை நிறுவுவதே அவருடைய திட்டமாக இருக்கக் கூடாது. இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை இரண்டையும் சேர்த்து ஐந்தாண்டுகள் உறுதியாக உள்ளவர் எலியை எண்ணிப் பார்க்கலாம். அப்போதும் ஒரு நிபந்தனை: தேவையான வம்சம் நெறியாளரின் விலங்ககத்தில் இன்றே உயிரோடு இருக்க வேண்டும். "அடுத்த ஆண்டு வந்துவிடும்" என்ற எலியை நம்பித் தலைப்பைப் பதிவு செய்தவர்களில், மூன்றாம் ஆண்டில் தலைப்பை மாற்ற விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும். மருத்துவமனையோடு இணைந்த துறையில் இருப்பவர், நோயாளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆராய்பவர், மருந்துகளைச் சோதிப்பவர் ஆகியோருக்கு மனித ஆர்கனாய்டுக்கு இணையில்லை. கொடையாளர்களின் எண்ணிக்கையை மட்டும் தாராளமாகத் திட்டமிட வேண்டும், ஏனெனில் ஒரே நோயாளியிடமிருந்து வளர்த்த ஐம்பது கிண்ணக்குழிகளும் புள்ளியியலில் ஒரே ஒரு மனிதர்தான்.

ஈயில் தொடங்கி, தேடலில் தேறிய இரண்டு மூன்று மரபணுக்களை மட்டும் எலி ஆர்கனாய்டில் சரிபார்ப்பதே பெரும்பாலான சென்னைத் துறைகளுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை. இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டினால் எலி வம்சம் வைத்திருக்கும் வெளியூர் ஆய்வகத்தோடு கூட்டு சேரக் கேட்பதற்கு வலுவான காரணம் கிடைக்கும். முரண்பட்டால் அந்த முரண்பாட்டையே ஆராயலாம். டபிள்யுஎன்டி3 விஷயத்தில் நடந்தது அதுதான்.

கையில் பணமே இல்லாதவருக்கு இன்னும் இரண்டு வழிகள் உள்ளன. நோயியல் துறைகளில் பாரஃபின் கட்டிகளாகச் சேமித்த மனிதக் குடல் திசுக்களில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, கேஐ67, ஓஎல்எஃப்எம்4 ஆகிய அடையாளப் புரதங்களுக்குச் சாயமிட்டுப் பிரியும் செல்களையும் குருத்தணுப் பகுதியையும் எண்ணலாம். எல்ஜிஆர்5க்கு நம்பகமான எதிர்ப்பொருள் கிடைப்பது கடினம் என்பதால் அதில் பணத்தை இழக்க வேண்டாம். மற்றொன்று பொதுத் தரவு: ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும், 2017இல் வெளிவந்த எலிச் சிறுகுடல் ஒற்றைச்செல் வரைபடத்தின் மூலத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, அதை அலச நல்ல கணினி ஒன்றும், ஆர் அல்லது பைத்தான் மொழியில் ஆறு மாதப் பழக்கமும் போதும். ஆனால் அந்தத் தரவு ஒரு கணத்தின் படம் மட்டுமே. எந்தச் செல் எதிலிருந்து வந்தது என்று கணினி வரையும் அம்புக்குறி ஓர் ஊகம், அதைச் சோதிக்க வேண்டிய நாளில் எலியோ ஈயோ தேவைப்படும்.